இதயம் நீங்கலாக

தலாஸ்,
அக்டோபர், பீன்ஸ் அறுவடை முடிந்த வாரம்

அன்பு மகள் துர்சுனாய்க்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அம்மா நலம், பசு நலம், ஆடுகள் நலம், கிழட்டுக் குதிரையும் நலம், அதற்கு இப்போது வேலை ஒன்றும் இல்லாததால் எங்கள் எல்லோரையும்விட நலம். நீயும் நலம் என்றுதான் போனில் சொல்கிறாய். அதில் பாதியைத்தான் நம்பினேன், மீதிப் பாதிக்காக இந்தக் கடிதம். போனிலேயே பேசலாமே, இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள் என்ன சாப்பிட்டாய் என்று உன்னைக் கேட்க ஆரம்பித்துவிடுகிறாள், அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு எங்கே கிடைக்கிறது. மேலும் இதோடு வரும் முத்திரை குத்திய காகிதம் உன் கைக்கு வந்தாக வேண்டும். நம் ஊர் மகபத் தன் கடைக்குத் துணி எடுக்க இந்த வாரம் இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுகிறாள். அவள் பையில்தான் கடிதம், காகிதம், உன் அம்மா உருட்டிக் காயவைத்த தயிர்க்கட்டி, கம்பளிக் காலுறை எல்லாம் வருகின்றன. தயிர்க்கட்டியை மகபத் வழியிலேயே கொஞ்சம் தின்றுவிடுவாள், கண்டுகொள்ளாதே.

பீன்ஸ் இந்த வருஷம் மோசமில்லை. உன் துருக்கி வியாபாரிகள் வந்து கொட்டையைக் கையில் அள்ளிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, விலையைக் குறைத்து, பிறகு ஒரு மூட்டைகூட விடாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள், வருஷா வருஷம் இதே நாடகம்தான். உன் அண்ணன் மிர்லான் கூரையை மாற்றப்போகிறேன் என்று பழையதைப் பிரித்துவிட்டான், புதியது இன்னும் வரவில்லை, மலையில் பனி விழுந்துவிட்டது, அவன் பெண்டாட்டி தினமும் எங்கள் வீட்டுக்கு வந்து அவனைத் திட்டிவிட்டுப் போகிறாள், வீட்டில் திட்டினால் கூரை இல்லாததால் தெருவுக்கே கேட்கிறதாம். உன் அம்மாவின் முழங்கால் குளிர் வருவதை வானொலிக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான், இனி உன் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. துணிக்கடை முதலாளி கடையை மூடிவிட்டார். வேலை போனதும் வேலைக்கான அனுமதி போயிற்று, அதோடு ஒட்டிக்கொண்டிருந்த அரசாங்கக் காப்பீடும் போயிற்று. வேறு வேலை கிடைக்கும்வரை அங்கே இருக்க வேண்டுமென்றால் தங்கும் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு நீயே ஒரு தனியார் கம்பெனியில் மருத்துவக் காப்பீடு எடுத்துக் காட்ட வேண்டும். சம்பளம் வந்தபோது உனக்காகக் கட்டினார்கள், சம்பளம் நின்ற பிறகு நீயே கட்டு என்கிறார்கள், நல்ல நியாயம். அதிலும் இரண்டு வகை. ஒன்று மலிவு, ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள், அதிகாரி முத்திரை குத்துவதற்கு மட்டும் உதவும், ஆஸ்பத்திரிக்குப் போனால் கதவைத்தான் பார்க்கலாம். இன்னொன்று நிஜமாகவே செலவைக் கொடுக்கும், ஆனால் கேள்விமேல் கேள்வி கேட்கும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று பயந்து நீ இரண்டாவதற்குப் போனாய், புத்தியான காரியம். அந்த முகவர் செவ்தா அம்மாள் உன்னிடம், “எல்லாத்துக்கும் இல்லைன்னு போடும்மா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க” என்றாளாம். நீயும் போட்டுவிட்டுக் கையெழுத்துக்கு முன்னால் என்னைக் கேட்டாய், “அப்பா, சின்ன வயசுல நான் ஆஸ்பத்திரியில இருந்தேனா? எனக்கு வேற பேரு ஒண்ணு இருந்துச்சுல்ல?” நான் இருமல் வந்ததுபோல் இருமி போனை வைத்தேன். நம் வீட்டில் இத்தனை வருஷமாக யாரும் வாயில் எடுக்காத விஷயங்கள் அவை இரண்டும்தான், நீ இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாய்.

இப்போது இருமாமல் சொல்கிறேன். இருந்தாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவிருந்த வருஷம் தொண்டை வலி வந்து, அது போனதும் மூட்டெல்லாம் வீங்கி, கரண்டியைப் பிடிக்க முடியாமல் அழுதாய். மாவட்ட மருத்துவமனையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தாய். ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தில் இருக்கும் கதவுபோன்ற வால்வைப் பிடித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். உனக்கு முன்னால் ஒரு குழந்தையை மண்ணுக்குக் கொடுத்தவள் உன் அம்மா, அவளுக்குப் பாதி வார்த்தைக்கு மேல் காதில் விழவில்லை. உன்னைப் போர்வையில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிவந்தாள், ஆனால் நம் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை, பக்கத்து வீட்டு பத்மாவின் ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்துவிட்டாள். இரவு நீ அங்கேயே இருந்தாய். மறுநாள் காலையில் உன் அம்மா முன்பின் தெரியாதவள்போல் பத்மாவின் வாசலில் போய் நின்று, “இங்க ஒரு பொண்ணு விலைக்கு இருக்காமே?” என்று கேட்டாள். பத்மா சும்மா விடுகிறவளா, “நல்ல சாதிப் பொண்ணு, பல்லெல்லாம் வரிசையா இருக்கு, சும்மா தர மாட்டேன்” என்று பேரம் பேசினாள். கடைசியில் உன் அம்மா நம் பூப்போட்ட தேநீர்க் கெண்டியைக் கொடுத்து உன்னை வாங்கிக்கொண்டு வந்தாள். வரும்போதே உனக்குத் துர்சுனாய் என்று பெயர், நிலைத்திருப்பவள். பழைய பெயரை அதற்குப் பிறகு யாரும் சொல்லக் கூடாது, நோய் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு வந்து கதவைத் தட்டினால், அப்படி ஒருத்தி இங்கே இல்லை என்று திரும்பிப் போகவேண்டும். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாம் அடுப்புக்குப் போயின. அரசாங்க அலுவலகத்தில் சாட்சி வைத்துப் பெயரை மாற்றினோம், பள்ளிக்கூடத்திலும் புதுப் பெயர்தான் பதிந்தோம்.

நீ நம்புகிறாயோ இல்லையோ, பெயரை உன் அம்மா மாற்றினாள், ஊசியை நான் போடவைத்தேன். மாதம் ஒருமுறை நர்ஸ் சோனுன் வந்து போட்டுவிட்டுப் போவாளே, வைட்டமின் ஊசி என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தோமே, அது காய்ச்சல் திரும்ப வராமலிருக்கப் போட்டது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அவள் எதையும் எழுதிவைக்கவும் இல்லை. உன்னைக் காப்பாற்றியது பெயரா ஊசியா என்று எங்களுக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. பத்மாவைக் கேட்டால் தேநீர்க் கெண்டி என்கிறாள். அதை இன்னும் வைத்திருக்கிறாள். போன வாரம்கூட வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என் பொண்ணு எப்படி இருக்கா? கெண்டியோட மூக்கு உடைஞ்சு போச்சு, பண்டத்தைத் திருப்பிக் குடுத்துட்டு பொண்ணைக் கூட்டிட்டு வந்துடவா?” என்றாள்.

சரி, கம்பெனி கேட்கிறது, காகிதம் வேண்டும். நான் பீன்ஸ் களத்தைவிட்டு நகர முடியாத நேரம். உன் அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொல்லி, நீ மருத்துவமனைப் பழைய பதிவு அறைக்குப் போய் ஒரு நகல் வாங்கி வா என்றேன். கத்துவாள் என்று பார்த்தேன், சரி என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மத்தியானம் திரும்பி வந்தாள், முகத்தில் கல்யாணக் களை. காகிதத்தை என் முன்னால் வைத்தாள். அதில் எசென்பெக்கின் மகள் துர்சுனாய் என்பவர் இந்த மருத்துவமனையில் எந்த நோய்க்காகவும் சேர்க்கப்பட்டதாகப் பதிவு இல்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரையும் குத்தியிருந்தார்கள். “பாத்தியா, கவர்மெண்டே சொல்லிட்டாங்க. என் பொண்ணுக்கு ஒண்ணும் வரலை” என்றாள். துர்சுனாய் என்ற பெயரைச் சொல்லித்தானே கேட்டிருக்கிறாள், துர்சுனாய்க்கு எப்படி வரும், காய்ச்சல் வந்தபோது துர்சுனாய் பிறக்கவே இல்லையே.

நான் சிரித்தேன் என்று நினைக்காதே. முதலில் சிரித்தேன், பிறகு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்தேன். பொய்க் காகிதம் இல்லை, அசல் முத்திரை, அசல் கையெழுத்து. இதை உனக்கு அனுப்பினால் செவ்தா அம்மாள் குதித்துக் கூத்தாடுவாள், கம்பெனி வாயை மூடிக்கொள்ளும், அனுமதி கிடைத்துவிடும். மிர்லானும், “அனுப்புப்பா, நாமளா எழுதினோம்?” என்றான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன். ஆனால் நம் ஊர் தோலோனின் மகன் நினைவுக்கு வந்தான். அவனும் உன்னைப்போல் துருக்கியில்தானே இருந்தான். சின்ன வயசிலிருந்து சர்க்கரை நோய், இல்லை என்று எழுதிக் காப்பீடு வாங்கினான். வருஷக்கணக்காகக் கட்டினான். கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்றுதான் கம்பெனிக்காரன் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தான். கட்டியதும் போயிற்று, காப்பீடும் போயிற்று, அதை நம்பி வாங்கிய அனுமதியும் போயிற்று. கம்பெனிக்காரர்கள் பணம் வாங்கும்போது படிக்க மாட்டார்கள், கொடுக்கும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார்கள்.

இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொன்னேன், அவள் அசையவில்லை. “தோலோன் பையனுக்கு நோவு இருந்துச்சு. இவளுக்கு எதுவும் இல்லை. இல்லாததை ஏன் எழுதணும்?” என்றாள். அப்போதுதான் உனக்குக் கொடுத்த வாக்கை மீறினேன். அம்மாவிடம் சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன், வேண்டுமானால் திட்டிக்கொள். உன் வீடு நாலாவது மாடியில் இருக்கிறது, போன வருஷம் ஒரே ஓட்டமாக ஏறியவள் இப்போது இரண்டாவது மாடியில் சாமானைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிறாய் என்று சொன்னேன். அவள் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. இதைவிட அவள் கத்தியிருக்கலாம்.

மறுநாள் களத்துக்கு மிர்லானை அனுப்பிவிட்டு நானே போய் வருகிறேன் என்று கோட்டை மாட்டினேன். அவள் எனக்கு முன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். “அந்தப் பேரைத் தூக்கிப் போட்டது நான். திரும்பக் கூப்பிடறதுன்னா நான்தான் கூப்பிடணும். எதுவும் வர்றதா இருந்தா என் மேல வரட்டும்” என்றாள். நான் கூடப் போனேன், ஆனால் மருத்துவமனைப் பதிவு அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்க விடவில்லை, பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்குப் பின்னால் உன் அம்மா போன தடவை பார்த்த அதே பெண்ணாம். உன் அம்மா குனிந்து என்னவோ முணுமுணுத்தாள். “கேக்கலைம்மா, சத்தமா சொல்லுங்க.” மறுபடி முணுமுணுத்தாள். “அம்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க, பேரு என்ன?” உன் அம்மா நிமிர்ந்தாள். மலையில் போன ஆட்டைக் கூப்பிடுகிற குரலில், “ஜிபார்! எசென்பெக் மகள் ஜிபார்!” என்றாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து, “இருக்கும்மா, உக்காருங்க, நகல் எடுத்துத் தர்றேன்” என்றாள். உன் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எவ்வளவு சின்னப் பேரு, சொல்றதுக்கு நாக்கு இப்படி இழுக்குது” என்றாள். கையை என் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் காயவைத்து, மாவைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு போர்சோக் பொரித்து, தட்டுத் தட்டாகத் தெருவுக்கெல்லாம் அனுப்பினாள், முதல் தட்டு பத்மாவுக்கு. பத்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தின்றுகொண்டே, “அப்ப கெண்டி கணக்கு ரெண்டு பொண்ணுக்கா? எனக்கு இன்னொரு கெண்டி வரணுமே” என்றாள். உன் அம்மா சிரித்தாள், அந்த வாரத்தில் முதல் தடவையாக.

இனி நீ செய்ய வேண்டியது. புது விண்ணப்பம் வாங்கு. வந்த நோயை எழுது, இதோடு இருக்கும் முத்திரை குத்திய நகலை மொழிபெயர்த்து வை, வேறு பெயர் என்ற இடத்தில் அந்தப் பெயரை எழுது, அப்போது சாட்சி வைத்துப் பெயர் மாற்றியதற்கான பதிவையும் உள்ளே வைத்திருக்கிறேன். செவ்தா அம்மாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள், வைத்துக்கொள்ளட்டும். கம்பெனி ஒருவேளை, எல்லாம் பார்க்கிறோம், இதயம் நீங்கலாக என்று எழுதித் தரும். அப்படித்தான் செய்வார்கள் என்று ஊரில் விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஒப்புக்கொள். கையும் காலும் வயிறும் பல்லும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், இதயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மொத்தமாகவே மாட்டேன் என்றால் கேள்வி கேட்காத மலிவுக் காப்பீட்டை வாங்கி அனுமதிக்குக் காட்டு, அதில் உதவியும் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. எது கிடைத்தாலும் முதலில் அங்கே ஒரு இதய டாக்டரைப் பார்த்து, அந்த வால்வு எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துவிடு. வேலை கிடைக்கட்டும், குளிர் போகட்டும் என்று தள்ளிப்போடாதே. வைத்தியம் பெரிதாகப் போகும் என்றால் கிளம்பி வந்துவிடு, பிஷ்கெக்கில் பார்க்கலாம். இங்கே நமக்குக் காப்பீடு என்றால் சொந்தக்காரர்கள்தான். அவர்களும் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், கல்யாணம் எப்போது என்பது முதல் கேள்வியாக இருக்கும், ஆனால் எதையும் நீங்கலாக என்று சொல்ல மாட்டார்கள். வேலையில்லாமல் இருப்பதற்கு வெட்கப்படாதே, கடையை மூடியவர் வெட்கப்படட்டும். எனக்கு பயமாக இருக்கிறது மகளே, அதை இங்கே எழுதிவிடுகிறேன், போனில் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பின்னால் வந்து நின்று, அவ பேரை எழுதினியா என்று கேட்டாள். எழுதினேன் என்று காட்டினேன். எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள், அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: “காய்ச்சல், வலி, ஊசி எல்லாத்தையும் அந்தச் சின்னது தலையில கட்டி வெளியே அனுப்பிட்டோம். அதுவும் நாம பெத்ததுதானே. அந்த இன்சூரன்ஸ் காகிதத்துல அவ பேரையும் மறக்காம எழுதச் சொல்லு. அவளையும் யாராவது ஒரு டாக்டர் பாக்கட்டும்.”

உன் வழி வெண்மையாக இருக்கட்டும், நல்ல மனிதர்கள் எதிரே வரட்டும், மூச்சு சீராக இருக்கட்டும் என்று இரண்டு கையையும் விரித்து வேண்டி, முகத்தைத் தடவிக்கொள்கிறோம். காலுறையைப் பெட்டியில் வைக்காதே, காலில் போடு. டாக்டரைப் பார்த்த அன்றைக்கே போன் செய், நான் இரும மாட்டேன்.

இப்படிக்கு,
துர்சுனாய்க்கும் ஜிபாருக்கும் அப்பா,
எசென்பெக்